குஞ்சுகளுக்கு நாக்கு பார்த்த கதை

தப்பாகப் போனாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்ற தைரியம் இருக்கிறதே, அதுதான் மனுஷனைக் கவிழ்க்கும். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

படித்து முடித்த கையோடு நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி (கொஞ்சமா?). பன்னிரண்டு ஷெட்டுகளில் எதற்கெல்லாம் தடுப்பு மருந்து கொடுத்தாச்சு என்பது டேட்டாபேஸில் பதிவாகும். போன பேட்ச் குஞ்சுகளின் பதிவுகளை அழித்து, அந்த டேபிளில் புதிதாக ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார்கள்.

தனித்தனியாகச் செய்தால் என் கெத்து என்னாவது? பல கட்டளைகளை ஒரே மூச்சில் ஓட்டும் ஸ்டோர்டு புரொசீஜர் ஒன்றுக்குள் இரண்டையும் போட்டேன். டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளையை நேராக உள்ளே விடமாட்டேன் என்று அது முரண்டு பிடித்தது. வெறும் எழுத்துபோல மேற்கோள் குறிக்குள் சுருட்டி உள்ளே தள்ளினேன். (கெடுகுடி சொற்கேளாது!) ஓட்டினேன்.

அழிக்கும் வரியில் ‘போன பேட்ச் மட்டும்’ என்று சொல்ல மறந்திருந்தேன். அன்று காலைப் பதிவும் சேர்ந்து காலி. பரவாயில்லை, செய்ததைத் திரும்பப் பெற ரோல்பேக் இருக்கிறதே! கொடுத்தேன். ஒன்றும் திரும்பவில்லை. மறுபடி கொடுத்தேன். அமைப்பை மாற்றும் கட்டளை ஓடினால் அதற்கு முன் செய்ததெல்லாம் நிரந்தரமாகிவிடும் என்று அன்றுதான் தெரிந்தது.

அந்நேரம் பார்த்து ஷெட் சூப்பர்வைசர் சரசக்கா வந்து நின்றார். எங்கள் ஊர் வெண்ணந்தூர்க்காரர், அம்மாவுக்கும் பழக்கம்.

“ஏனம்மிணி, செல்லுல ஒண்ணுமே காட்டல? மருந்தக் கலக்கிப்போட்டேன், ரெண்டு மணி நேரத்துல குஞ்சுக குடிக்கோணும். இன்னும் எந்த ஷெட்டு பாக்கி?”

“காலைல குடுத்தவங்களக் கேளுங்கக்கா...”

“அவிய ஊட்டுக்குப் போயாச்சு. போனும் எடுக்கல.”

“அக்கா, எல்லாத்தையும் அழிச்சுட்டனுங்க.”

விடுபட்ட ஷெட்டில் நோய் வந்தால் அத்தனை குஞ்சும் போகும். இரண்டு தடவை கொடுத்தாலும் சுணங்கிவிடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அட கெரகமே! அழுவாத சாமி. வா, நாக்கப் பாக்கலாம்.”

மருந்துத் தண்ணீரில் நீலச் சாயம் கலப்பார்கள். குடித்த குஞ்சின் நாக்கு சில மணி நேரம் நீலமாக இருக்கும். புதுச் சுடிதாரோடு ஷெட் ஷெட்டாக ஓடி, அலகைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். கொத்து வாங்கினேன். ஆறாவது ஷெட்டில் ஒன்று நீலம், அடுத்தது வெளிர்.

“பத்துப் பாரு அம்மிணி. ஒண்ணு ரெண்டு குடிச்சிருக்காது.”

பார்த்தேன். மற்றதெல்லாம் நீலம். கடைசியில் ஐந்து ஷெட் பாக்கி என்று தேறியது. கலக்கிய மருந்து வீணாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது கொடுத்து முடித்தோம்.

நான் வீடு சேரும் முன்பே சரசக்கா அம்மாவிடம் போனில் சங்கதியைச் சொல்லிவிட்டார். “மத்தியானம் சாப்பிட்டியா?” என்றாள் அம்மா. சாப்பிட்டேன் என்றேன். “எங்கே, நாக்க நீட்டு!”

அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. போன வாரம் எனக்கு இருமல். சிவப்பு மருந்தைக் குடித்தாச்சு என்று மகளிடம் சொன்னேன். “நாக்க நீட்டும்மா” என்றாள். வாயை இறுக மூடிக்கொண்டேன்.