டொலியின் ஒப்பரேசனும் முப்பத்துநான்கு அபிப்பிராயங்களும்

முப்பத்துநான்கு. இது தன்னாமுனைக் கிராமத்து றோயின் வயது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வயதை அவர் எப்போதோ தாண்டிவிட்டார். தன் வீட்டு நாய்க்குக் கருத்தடை ஒப்பரேசன் செய்யலாமா, செய்வதென்றால் எப்போது என்று அவர் அபிப்பிராயம் கேட்ட ஆட்களின் தொகை இது. இதில் மிருக வைத்தியர் முப்பத்தோராவது ஆள்.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். பெயர், கேட்டுப் பார்ப்பவர். எங்கள் வாவியின் இரு கரையிலும், பஸ் தரிப்பிடங்களிலும், சலூன்களிலும், மரண வீட்டுப் பிளாஸ்டிக் கதிரைகளிலும் தாராளமாகக் கிடைக்கும். மற்ற மனிதர்கள் தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பார்கள். இவர் தெரிந்துகொண்ட பிறகுதான் கேட்கவே தொடங்குவார். கிணற்றுக்கு எந்த மோட்டர், கூரைக்கு ஓடா தகரமா, ஆடுகிற பல்லைப் பிடுங்குவதா விடுவதா, எதுவாக இருந்தாலும் சரி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, உலகத்தில் புத்தியுள்ளவர் நீங்கள் ஒருவர்தான் மிச்சம் என்பது போலக் கேட்டு, நீங்கள் சொல்வதை எல்லாம் "ஓம் ஓம், சரியான கதை" என்று ஏற்றுக்கொண்டு, நீங்கள் அந்தப் பெருமையை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சொல்லி முடிப்பதற்குள், அடுத்த வளவில் நின்று அதற்கு நேர் எதிரான கதைக்கும் "ஓம் ஓம், சரியான கதை" என்று தலையாட்டிக்கொண்டிருப்பார்.

பல் என்னவாயிற்று? அவர் கேட்டு முடிப்பதற்குள் அது தானாகவே விழுந்துவிட்டது.

இந்த இனத்துக்கு ஒரு மந்திரம் உண்டு. "எதுக்கும் ஒருக்காக் கேட்டுப் பாப்பம்." றோய் இதைத் தூக்கத்திலும் சொல்வார் என்கிறார் அவர் மனைவி மக்டலின். றோய்க்கு அரசாங்க உத்தியோகம். ஒரு கோப்பை அடுத்த மேசைக்கு அனுப்பிவிட்டுத் தேநீர் குடிப்பதில் இருபது வருட அனுபவம். அந்த அனுபவம் வீட்டுக்கு வரும்போது வாசலில் செருப்போடு கழன்றுவிடுமா என்ன?

இனி டொலி. மாரி மழைக்குள் கோழிக்கூட்டுக்குள் புகுந்து, கோழிகளை வெளியேற்றிவிட்டு உறங்கிய குட்டி. செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும். மற்றக் காது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. மக்டலின்தான் பால் கொடுத்து வளர்த்தார். ஆனால் டொலிக்கு முன் அந்த வீட்டில் லிசி என்று ஒரு நாய் இருந்தது. லிசி போட்ட குட்டிகளை ஒரு பனையோலைக் கூடைக்குள் வைத்து வீடு வீடாகக் கொண்டு திரிந்தவரும் மக்டலின்தான். கடைசி இரண்டுக்கும் யாரும் கதவு திறக்கவில்லை. அவற்றை மீன்சந்தையடியில் விட்டுவிட்டு வந்தவர், பிறகு வெகுநாட்கள் அந்தச் சந்தைக்கு மீன் வாங்கப் போகவில்லை.

ஆகவே டொலிக்கு ஐந்து மாதம் முடியும்போதே மக்டலின் தெளிவாகச் சொன்னார்: "இணை சேருற காலம் வாறதுக்கு முன்னம் செஞ்சிருவம். இன்னொருக்கா என்னால கூடையத் தூக்கிட்டுத் திரிய ஏலா."

றோய் உடனே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்வதில் அவரை வெல்ல ஆளில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

முதலில் பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளை. நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். நான்கு பேரையும் ஏன் பெற்றேன் என்று தினமும் வேலிக்கு மேலால் கேட்பவர். அவர் நெஞ்சில் கை வைத்து, "பாவம் கா, ஒருதரமாவது தாயாகட்டும்" என்றார். சரியான கதை.

அடுத்தவர் சந்தியில் சைக்கிள் திருத்தும் கோணாமலை. ஒப்பரேசன் செய்தால் நாய் கொழுத்துப்போகும், குரைக்காது, கள்ளன் வந்தால் வாலாட்டும் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. ஆதாரமாக, கடை வாசலில் படுத்திருந்த தன் நாயைக் காட்டினார். உண்மையிலேயே கொழுத்த நாய். றோயைக் கண்டும் அது குரைக்கவில்லை. அதற்கு எப்போது ஒப்பரேசன் நடந்தது என்று றோய் கேட்டார். நடக்கவில்லை என்றார் கோணாமலை. சரியான கதை.

பிறகு சுவிஸில் இருக்கும் மச்சான் ஜொய்சன். அவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரற்பதிவைக் கேட்டு முடிக்க ஒரு தேநீரும் இரண்டு வடையும் தேவைப்பட்டன. அங்கெல்லாம் நாயின் இனத்தைப் பார்த்துத்தான் வயதைத் தீர்மானிப்பார்கள், சில இனத்துக்கு ஒரு வருடம், சில இனத்துக்கு இரண்டு, ஆகவே முதலில் இனத்தை எழுதி அனுப்பு மச்சான் என்பது அதன் சாரம். றோய் டொலியை முன்னாலும் பக்கவாட்டிலும் படம் பிடித்து அனுப்பினார். கீழே எழுதினார்: இனம், தன்னாமுனை.

ஏறாவூரில் காற்சட்டைக்கு இடுப்பு இளக்கக் கொடுக்கப் போன இடத்தில் தையற்காரர் ஆதம்பாவாவிடமும் கேட்டார். அவர் ஊசியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் நாய் வளக்கிற ஆளில்ல தம்பி. அதப்பத்தி எனக்கு ஒண்டும் தெரியா." கொஞ்சம் யோசித்தார். "தையல் எண்டாத் தெரியும். வெட்டினாப் போல மறுகா தைக்கத்தானே வேணும்? நூல் என்ன நூலாம்?"

இந்தக் கேள்வி றோயை உலுக்கிவிட்டது. இத்தனை பேரிடம் கேட்டும் நூலைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! அதைக் கேட்கத்தான் கடைசியில் அவர் மிருக வைத்தியரிடம் போனார்.

வைத்தியர் ஓர் இளம் பெண். நூலைப் பற்றிச் சொன்னார். அதோடு, ஆறு மாதமாகப் போகிறது, முதல்தடவை அந்தக் காலம் வருவதற்கு முன் செய்துவிட்டால் நல்லது, ஒருதரம் குட்டி போட வேண்டும் என்பதெல்லாம் வெறும் கதை, தாமதிக்காமல் கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். றோய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"நல்லது டொக்டர். எதுக்கும் ஒருக்காக் கேட்டுப் பாப்பம்."

"ஆரிட்ட?" என்றார் டொக்டர்.

அதற்குள் றோய் வாசலைத் தாண்டிவிட்டார்.

இப்படியே போயிருந்தால் டொலி கிழவியாகியிருக்கும். நல்லவேளை, ஊர் மைதானத்தில் இலவசக் கருத்தடை முகாம் என்று ஓர் ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தது. றோய் செருப்பைத் தேடுவதற்குள் மக்டலின் ஓடிப்போய் டொலியின் பெயரைப் பதிந்துவிட்டார். அவர்கள் சொன்னது ஒரே ஒரு நிபந்தனை. முதல்நாள் இரவிலிருந்து நாய்க்குத் தீனி கொடுக்கக் கூடாது.

இங்கேதான் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நம்முடைய பக்கத்தில் ஒருவருக்கு ஒப்பரேசன் என்று கேள்விப்பட்டும் போய்ப் பார்க்காமல் இருப்பது பகைக்குச் சமம். வெறுங்கையோடு போய்ப் பார்ப்பது அதைவிடக் கேவலம். சரி, அது மனிதருக்குத்தானே என்பீர்கள். ஆனால் ஒருவரிடம் அபிப்பிராயம் கேட்டுவிட்டால் அந்த நோயாளியில் அவருக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறதல்லவா? றோய் முப்பத்துநான்கு பங்காளிகளைச் சேர்த்து வைத்திருந்தார். போதாதற்கு, சனிக்கிழமை டொலிக்கு ஒப்பரேசன், ஒருக்கா மன்றாடிக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லியும் வைத்தார்.

சனிக்கிழமை காலை மக்டலின் பூசைக்குப் போனார். டொலிக்காக அந்தோனியாரிடம் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வரும்வரை றோய்க்கு ஒரேயொரு வேலை. வாயைக் கட்டுவது. நாயின் வாயை.

ஆச்சிப்பிள்ளை மரி பிஸ்கட்டோடு வந்தார். பின்னாலேயே கோணாமலை, வாழையிலையில் பொரித்த மணலை மீனோடு. சலூன்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. கோயில் மணி அடிப்பவர், நோயாளி வீட்டுக்கென்றே கடைகளில் விற்கும் அந்த மால்ட் மா டின்னோடு. வெட்டுப்படப் போகிற பிள்ளை வெறும் வயிற்றோடு போகலாமா என்று ஆச்சிப்பிள்ளை கண்கலங்கிப் பக்கெற்றைப் பிரித்தார்.

றோய் நிபந்தனையை மறந்தாரா? இல்லை. அநியாயமாகப் பழி சொல்லக் கூடாது. அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அதனால்தான், பிஸ்கட் தீனியில் சேருமா சேராதா என்று அங்கிருந்தவர்களிடம் கேட்டார். பிஸ்கட் தீனியல்ல, தேநீரோடு சேர்ந்தது என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. மீன்? அதில் கருத்து வேறுபாடு இருந்தது. எதற்கும் ஒருக்காக் கேட்டுப் பார்ப்போம் என்று சுவிஸுக்கு அழைப்பு எடுத்தார். அங்கே அப்போது விடியவில்லை, ஜொய்சன் எடுக்கவில்லை. றோய் காதில் போனை வைத்தபடி காத்திருந்தார். அவர் கொடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். டொலி தின்றுகொண்டிருந்தது.

முகாமில் அதே டொக்டர் டொலியின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சாப்பிடக் குடுத்தீங்களா?"

"நாங்க குடுக்கல்ல டொக்டர்," என்றார் றோய். "பாக்க வந்த ஆக்கள் குடுத்த."

இந்த இடத்தில் டொலி தன் சொந்த அபிப்பிராயத்தை டொக்டரின் சப்பாத்தின் மேல் வெளியிட்டது. முப்பத்தைந்தாவது. மணலை மீனை அதில் தெளிவாக அடையாளம் காண முடிந்தது.

மயக்க மருந்து கொடுத்த பிறகு இப்படி வாந்தி வந்திருந்தால் அது சுவாசப்பைக்குள் போய் உயிரே போயிருக்கும் என்று டொக்டர் சொன்னபோது மக்டலினின் முகம் வெளிறிவிட்டது. வருகிற கிழமை எங்கள் மிருக வைத்தியக் கந்தோருக்குக் கொண்டு வாருங்கள், வெறும் வயிறாக, என்றார் டொக்டர். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அடுத்த கிழமை கொண்டுபோனார்களா? எப்படிப் போவது? முகாமா கந்தோரா எது திறம் என்று இன்னும் யாரிடமும் கேட்கவில்லையே. வளர்பிறையில் வெட்டினால் இரத்தம் கூடப் போகும் என்று கோணாமலை வேறு புதிதாக ஒன்றைச் சொல்லியிருந்தார். மக்டலின் தானே கொண்டுபோவதென்று ஆட்டோவுக்குச் சொன்ன அன்று காலையில், டொலிக்கு அந்தக் காலம் வந்துவிட்டது. இப்போது வேண்டாம், அடங்கட்டும், அதுவரை கதவைப் பூட்டி வையுங்கள் என்றார் டொக்டர்.

ஊரின் ஆண் நாய்கள் எல்லாம் கேற்றடியில் கூடின. அவை யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை.

மக்டலின் டொலியை அறைக்குள் பூட்டி, சாப்பாட்டையும் உள்ளேயே வைத்து, காவல் இருந்தார். ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரம், அந்தக் கூட்டத்தைக் கலைக்கத் தண்ணீரா தடியா நல்லது என்று ஆச்சிப்பிள்ளையிடம் கேட்பதற்காக றோய் வெளியே புறப்பட்டார். அறைக்குள் இருந்த தடியை எடுத்தார், கையோடு கேட்கலாம் என்று. அறைக் கதவைத் திறந்தபடி விட்டார். கேற்றையும் திறந்து, திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். ஆச்சிப்பிள்ளை தண்ணீர்தான் என்றார். சரியான கதை.

இரண்டு மாதத்தில் ஆறு குட்டிகள்.

மக்டலின் சத்தம் போடவில்லை. குட்டிகள் பால் மறந்து சோறு தின்னத் தொடங்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு பரணிலிருந்து பழைய கூடையை இறக்கித் தூசி தட்டினார். இம்முறை எந்த வீட்டுக்குப் போவது என்று அவர் யோசிக்கவே இல்லை.

"எனக்கென்னத்துக்கு கா நாய்?" என்று பின்வாங்கினார் ஆச்சிப்பிள்ளை.

"ஒருதரமாவது தாயாகட்டும் எண்டீங்களே மாமி. ஆகிட்டாள். இது உங்கட பங்கு."

கோணாமலைக்கு இரண்டு. ஒன்று கொழுப்புக்கு, ஒன்று வளர்பிறைக்கு. சலூன்காரருக்கும் மணி அடிப்பவருக்கும் ஒவ்வொன்று. ஜொய்சனுக்குப் படம் மட்டும் போனது. கீழே இனமும் எழுதப்பட்டிருந்தது. ஏறாவூர்ப் பக்கம் கூடை போகவில்லை. தெரியாது என்று சொன்ன ஒரே மனிதரை என்னத்துக்குத் தண்டிப்பது என்றார் மக்டலின்.

குட்டி போட்ட நாய்க்கு எப்போது ஒப்பரேசன் செய்வது என்று கேட்க றோய் புறப்பட்டுப்போன ஒரு செவ்வாய்க்கிழமை, மக்டலின் டொலியை ஆட்டோவில் ஏற்றினார். றோய் திரும்பி வரும்போது தேசிமரத்தடியில் சாக்கு விரித்து டொலி படுத்திருந்தது. வயிற்றில் மயிர் வழித்திருந்தது. நடுவில் ஒரு தையல்.

"ஆரிட்டக் கேட்டுச் செஞ்ச?"

"டொக்டரிட்ட."

றோய் திகைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்தார். "ஒராளிட்ட மட்டுமா?"

மறுநாள் அந்தத் தையலைப் படம் பிடித்து ஏறாவூருக்குக் கொண்டுபோனார். ஆதம்பாவா கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நல்ல கை தம்பி," என்றார். "ஒரு பிசிறில்ல." அதோடு அந்த விவகாரம் முடிந்தது.

நீங்கள் இவ்வளவு நேரமும் றோயைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆச்சிப்பிள்ளை நெஞ்சில் கை வைத்தபோது, அதுவும் சரியான கதைதான் என்று நினைக்கவில்லையா? டொக்டர் ஆறு மாதம் என்றபோது, எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு நாய்க்கு என்று உங்கள் நாக்கு நுனிவரை ஏதோ வரவில்லையா? கேட்டுப் பார்ப்பவர் தனியாகப் பிழைக்கும் இனம் அல்ல. கேட்டால் சொல்வதற்கு ஆள் தயாராக நிற்கும் இடத்தில்தான் அது பெருகும். தெரியாது என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். காரணத்தோடுதான் சொல்கிறேன்.

ஆறாவது குட்டிக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. அது பெண் குட்டி. அதற்கு எப்போது ஒப்பரேசன் செய்யலாம் என்று கேட்க, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் றோய் உங்கள் கேற்றடிக்கு வருவார். அவருக்குப் பின்னால் மக்டலின் கூடையோடு வருவார்.