மாப்பிள்ளையின் கல்லீரல்

மானம் போன பிறகுதான் மனிதனுக்கு நிம்மதி வரும் என்பது என் அனுபவம். எனக்கு அது இருபத்தெட்டாம் வயதில், ஓர் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் தயவால் போனது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கிள்ளானில் குமாஸ்தா வேலை, பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அறை. சுங்கை வேயில் சாந்தியைப் பெண் பார்த்துப் பேசி முடித்து, நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மாதம் இருந்தது. அவளுடைய அப்பா கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவர். பெண் பார்க்கப் போன அன்று அவரிடம், "சாயங்காலம் ரெண்டு இட்லிதான் அங்கிள். குடி, சிகரெட் கிடையாது" என்றேன். (இரண்டாவது வாக்கியம் மட்டும் உண்மை.)

அந்த மருத்துவமனையில் புது இயந்திரத்தை வைத்துக் கல்லீரல் கொழுப்பை அளக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான கல்லீரல் ஒன்று தேவைப்பட்டது. அங்கிளுக்கு என் இட்லி ஞாபகம் வந்திருக்கிறது. நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

உலோகம் ஆகாது என்பதால் வெள்ளி அரைஞாணை வருங்கால மாமனார் கையிலேயே கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு குழாய்க்குள் தள்ளினார்கள். தகரத்தைத் தட்டுவது போல் சத்தம். மூச்சை அடக்கச் சொன்னார்கள், அடக்கினேன். கடைசியில் கையில் ஊசி வழியாக, படம் துலக்கமாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினார்கள். சில்லென்று தோள் வரை ஏறியது.

வெளியே வந்தால் அங்கிள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஈரலை இரண்டு விதமாகப் படமெடுப்பார்களாம். கொழுப்பு இல்லாவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இருந்தால் இரண்டாவது படத்தில் கறுக்கும். என்னுடையது தோசைக்கல் போல இருந்தது.

"எத்தனை வருஷமா குடிக்கிறே தம்பி?"

மருந்துதான் கறுப்பாக்கிவிட்டது என்று வாதாடினேன்.

"ஊசி அப்புறம்தான்லா போட்டோம். இது முன்னாடி எடுத்த படம்."

வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சாந்தியை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. (ரொட்டி சானாய் என்கிற எங்கள் ஊர்ப் பரோட்டாவில் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.)

அதற்குள் சாந்தி, டாக்டரிடம் கேட்கும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அளவுக்கு மீறித் தின்றாலும் கொழுப்பு சேருமாம். சனிக்கிழமை மாலை அப்பாவும் மகளும் என் அறைக்கே வந்து, வழக்கமாகச் சாப்பிடும் கடைக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். சர்க்கரை போடாத தேநீர் ஒன்று மட்டும் கேட்பது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே நடந்தேன்.

வாயைத் திறக்க நேரமில்லை. உட்காருவதற்குள் ஐந்து ரொட்டி சானாய், பொரித்த கோழி இரண்டு துண்டு, பால் கெட்டியாக ஊற்றிய தே தாரேக் தேநீர் எல்லாம் மேசைக்கு வந்துவிட்டன. கடைக்காரர் அன்போடு விசாரித்தார்.

"என்ன பாஸ், இன்னிக்கு ரெண்டாவது ரவுண்டு சீக்கிரமாவே வந்துட்டீங்க?"

அங்கிள் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மகளிடம் நிதானமாகச் சொன்னார்.

"குடிக்கலம்மா. திங்கிறான்."

சாந்தி சிரித்த சிரிப்பில் நிச்சயதார்த்தம் உறுதியானது. ஒரு ரொட்டியையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருப்பது மணமேடைப் படமல்ல. மாமனார் பத்திரப்படுத்திக் கொடுத்த அந்தக் கறுத்த ஈரல்தான். பார்த்துத் திகைக்கும் விருந்தாளிகளிடம் சாந்தி இன்றும் ஒன்றையேதான் சொல்கிறாள்.

"மத்தவங்கல்லாம் மூஞ்சியப் பார்த்துக் கட்டிக்கிறாங்க. நான் உள்ள வரைக்கும் பார்த்துட்டுத்தான் கட்டிக்கிட்டேன்."