கருங்கல் கிணற்றுச் சாவி

அரைகுறையாகப் படித்தவனைக் கல்யாண வீட்டில் பேச விடக் கூடாது. விட்டாலும் அவன் கையில் சாவியைக் கொடுக்கக் கூடாது. என் அண்ணன் கல்யாணத்தில் இரண்டையும் செய்தார்கள்.

எங்கள் ஊர் பூதப்பாண்டி; பெண்ணுக்கு ஊர் கருங்கல், கல்யாணமும் அங்கேதான். எங்கள் ஊர்களெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சிக்கா, சென்னைக்கா என்று நாடே கொதித்துக்கொண்டிருந்த காலம். நான் நாகர்கோவிலில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டே தமிழைக் காப்பாற்றி வந்தேன். (தமிழ் என்னிடம் உதவி கேட்டதாக நினைவில்லை.) தாலி வைத்திருந்த தேக்குப் பெட்டியின் சாவியை, மாப்பிள்ளைத் தம்பி என்ற முறையில், என் மடியில் முடிந்து விட்டிருந்தார்கள்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெண்ணின் தாய்மாமா கிணற்றடியில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மலையாளப் பள்ளிக்கூட வாத்தியார். என்னைப் பார்த்து, "தாக்கோலு பத்திரமா இருக்கா மக்கா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"தாக்கோல் மலையாளம். சாவின்னு நல்ல தமிழ்ல சொல்லணும்," என்றேன். சம்பந்தி வீட்டுப் பெரியவரிடம், பந்திக்கு இலை போடும் முன்பே.

கூட்டம் கூடிவிட்டது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தாழத் தொறக்க கோலு தாழ்க்கோலு. அதான் தாக்கோலு. பழைய தமிழு; மலையாளத்துக்கும் அதில பங்குண்டு. சாவி, போர்த்துக்கீசியன் கப்பல்ல கொண்டாந்த பேராக்கும். அவன் 'ஷாவெ'ம்பான், இந்திக்காரன் 'சாபி'ம்பான், நீரு 'சாவி'ங்கீரு."

யாரோ சிரித்தார்கள். தோற்றவன் பேசாமல் போயிருக்கலாம். நான் கொள்கைக்காரன். மடியிலிருந்து சாவியை எடுத்து எல்லோரும் பார்க்க உயர்த்திப் பிடித்து, "பரங்கிப் பெயர் சுமந்த பொருள் தமிழன் மடியில் இருக்கலாகாது" என்று மேடைத் தமிழில் முழங்கிக் கிணற்றுக்குள் எறிந்தேன். கைதட்டினார்கள். (தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டி நினைவுக்கு வந்தது.)

பந்தலிலிருந்து அம்மா வந்தாள். "ஏலே, ஐயரு தாலி கேக்காரு. வந்து பெட்டியத் தொற."

நான் கிணற்றைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மணமேடையில் அண்ணன் வியர்த்துக்கொண்டிருந்தான். முகூர்த்தம் தப்பினால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று உள்ளே பெண்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தாய்மாமா அடுக்களைக்குள் போய், அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு வந்தார். பெட்டிக்கு முன்னால் நின்று என்னைக் கேட்டார்:

"இதுக்கு ஒமக்க தமிழ்ல என்ன பேரு?"

"குழவி."

"நல்லதாப் போச்சு. எங்களுக்கும் அதான்," என்று சொல்லி ஒரே போடு போட்டார். பூட்டு தெறித்தது. ராகு காலத்துக்கு முன்பே தாலி ஏறியது.

பிறகு எங்கள் ஊர்கள் சென்னையோடு சேர்ந்தன. அந்தப் போராட்டத்தில் என் பங்கு ஒரு சாவி. அன்று மணமேடையில் காத்திருந்த பெண், என் மதினி, அதை மறக்க விடுவதில்லை. நான் அவள் வீட்டுப் படியேறினால் போதும், பேரப்பிள்ளைகளில் ஒன்று ஓடிவந்து கேட்கும்: "தாத்தா, கெணத்துக்குள்ள கெடக்கது சாவியா, தாக்கோலா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து மதினி பதில் சொல்லிவிடுவாள்: "ரெண்டும் இல்ல மக்கா. அது ஒனக்க தாத்தாவுக்க மானம்."