வெளிச்சத்தைக் கூட்டிய கை

2025 ஜூலை 12, சனிக்கிழமை, காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு நான் ஒரு கொலை செய்தேன். குறைந்தபட்சம், அப்படித்தான் நம்பினேன்.

என் அக்கா பெங்களூரில் ஆய்வு மாணவி. இன்சுலின் சுரக்கும் செல்களை உயிரோடு வைத்து, அவற்றிலுள்ள புரத மூலக்கூறுகளைத் தனித்தனியாகப் படம்பிடிப்பது அவள் வேலை. உறவினர் நிச்சயதார்த்தத்துக்காகச் சங்கரன்கோவில் வந்தவள், ஆய்வகத்து நுண்ணோக்கியை எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்த மடிக்கணினி வழியாக இயக்கிக்கொண்டிருந்தாள். (செல்பேசியில் பேசுவதற்கு மட்டும் சிக்னல் தேடி மொட்டைமாடி ஏற வேண்டும்.)

ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தது.

“பத்து நிமிஷம் பாத்துக்கோட்டி. புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு புரோட்டீன். ரெண்டு மாசமா வளத்த செல்லு. எதையும் தொட்டுராத!” என்றபடி மாடிக்கு ஓடினாள்.

நான் தமிழ் இலக்கியம் படிப்பவள். பிழை திருத்தவும் பென்சிலையே எடுப்பவள். கைகளைக் கட்டிக்கொண்டு, கறுப்புத் திரையில் மினுங்கிய புள்ளிகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன்: முப்பத்தெட்டு. அடுத்த முறை முப்பத்துமூன்று. ஒரு புள்ளியும் மங்கவில்லை; இருந்தது, சட்டென்று இல்லை. “அக்கா!” என்று கத்தினேன். என் கத்தல் சமையலறையைக்கூட எட்டாது. (வகுப்பில் “உள்ளேன்” என்று சொல்லியும் வராதவள் கணக்கில் சேர்ந்திருக்கிறேன்.)

திரையின் ஓரத்தில் ஒரு சூரியன் படம். என் செல்பேசியிலும் அதே சூரியன் உண்டு. நகர்த்தினால் திரை வெளிச்சம் கூடும். அதைக் கடைசிவரை நகர்த்தினேன்.

எல்லாப் புள்ளிகளும் சுடர்விட்டன. காப்பாற்றிவிட்டேன் என்று மூச்சுவிடுவதற்குள் கூட்டங்கூட்டமாக அணைந்தன. முழு இருட்டு.

எட்டிப் பார்த்த அம்மா, “கரண்டு போயிட்டா?” என்றாள்.

“இல்லம்மா. கொன்னுட்டேன்.”

இறங்கி வந்த அக்கா திரையைப் பார்த்தாள், பிறகு என்னை.

“ஏட்டி, அது ஸ்கிரீன் வெளிச்சமில்ல, பெங்களூர்ல இருக்க லேசரு! ஒவ்வொரு புள்ளியும் கொஞ்ச நேரந்தான் ஒளிரும், பெறவு தானா அணையும். அப்படிப் பட்டுனு அணைஞ்சாத்தான் அது ஒத்தப் புரோட்டீன்னு நம்பலாம். நீ அம்புட்டையும் ஒரே நிமிஷத்துல எரிச்சுட்ட.”

“செல்லு செத்துட்டா?”

“செல்லு கெடக்கும். வெளிச்சந்தான் செத்துட்டு.” மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “நாளைக்குப் படம்பிடிக்க ஒரே ஒரு தட்டு செல்லுதான் மிச்சம். அதுவும் போச்சுன்னா, மறுபடி ரெண்டு மாசம்.”

இன்றும் நான் விளக்குப் பொத்தானை நெருங்கினால், “மெதுவாட்டி, வீடு அணைஞ்சிரப் போவுது” என்கிறாள் அம்மா.

மறுநாள் ஞாயிறு காலை ஆய்வகத்திலிருந்து மீண்டும் அழைப்பு வந்தது. அக்கா என்னையே காவலுக்கு வைத்தாள். “பயந்தவதான் தொடமாட்டா” என்பது அவள் கணக்கு. உள்ளங்கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் அமர்ந்தேன். புள்ளிகள் ஒவ்வொன்றாக, தாமாக அணைந்தன. அம்மா காப்பியை நீட்டினாள்.

“வாங்கிக்கோட்டி. சும்மாதான இருக்க?”

“இல்லம்மா,” என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ரெண்டு கையும் வேலையா இருக்கு.”