டேப் அங்கிளும் பொய் எண்ணிக்கையும்

பெங்களூரில் வெளிச்சத்தைப் பார்த்தாலே கோபம் வருகிற ஒரே மனிதர் எங்கள் டேப் அங்கிள்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அதன் ஹெட்லைட்டிலும் பாதிக்குக் கறுப்பு டேப்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கைக்கருவி செய்துகொண்டிருந்தோம். புற்றுநோயாளிக்குச் செலுத்திய கதிரியக்க மருந்து உடம்பில் எங்கே தங்கியிருக்கிறது என்று அறுவை செய்யும் டாக்டருக்கு அது காட்ட வேண்டும். ஊசிமுனை வெளிச்சம் உள்ளே புகுந்தாலும் போச்சு, இல்லாத கதிரை இருப்பதாக எண்ணித் தள்ளும். அதுதான் பொய் எண்ணிக்கை. அதைத் தடுக்கக் கருவியைக் கறுப்பு டேப்பால் சுற்றுவது அங்கிளின் வேலை. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஃபிரிட்ஜ் விளக்குக்கும் டேப் ஒட்டினார். தயிர் என்று நினைத்து நான் இட்லி மாவைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தேன். அடுத்து வாட்ச்மேன் டார்ச்.

"டைரக்டர் தலைதான்மா பாக்கி. பளபளன்னு இருக்கு," என்பார் கவலையோடு.

ஒரு நாள் காலை கருவி சொன்னபடி கேட்டது. மறுநாள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் பார்க்க வருகிறார்கள். எண்ணிக்கை சுத்தமாக இருந்தால் சோதனைக்கு எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் எங்கள் நாலு வருட உழைப்பு பரண்மேல். வீட்டு வேலை என்று அரை நாள் லீவு போட்டிருந்த அங்கிள் மதியம் வந்து கருவியின் மேல் குனிந்தார். எண்ணிக்கை எகிறியது.

"லீக்," என்றார்.

ஜன்னலை அடைத்தார். கதவிடுக்கை அடைத்தார். கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு கருவியைக் கட்டிப்பிடிக்காத குறையாகச் சுற்றினார். சுற்றச் சுற்ற எண்ணிக்கை ஏறியது. டீ குடிக்கப் போனார், இறங்கியது. திரும்பி வந்தார், ஏறியது. எனக்குச் சந்தேகம் தட்டியது.

"அங்கிள், கேட் வரைக்கும் போய்ட்டு வாங்க."

"சும்னே இரும்மா. வேலை நேரத்துல வாக்கிங்கா?"

"போங்க சொல்றேன்."

போனார். திரையில் அமைதி. வந்தார். மறுபடி ஆட்டம்.

"காலைல எங்க போனீங்க?"

 அங்கிள் சட்டையின் முழுக்கையைச் சுருட்டினார். ஊசி போட்ட இடத்தில் பஞ்சு. அதன்மேல் ஆய்வகத்துக் கறுப்பு டேப்.

"ஹார்ட் ஸ்கேன்மா. கதிர் மருந்து ஏத்துனாங்க. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்க. அப்புறம் டேப் யாரு ஒட்றது?"

இத்தனை வருடம் கதிரோடு குடித்தனம் செய்தவருக்கு, கருவி எண்ணுவது தன் உடம்பிலிருக்கும் மருந்தைத்தான் என்று தோன்றவே இல்லை. எண்ணிக்கை கெட்டால் வெளிச்சம், அவருக்கு வேறு குற்றவாளியே கிடையாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நெஞ்சு வலியை மறைத்துவிட்டு ஜன்னலை அடைப்பார்களா என்று கத்தினேன். அவர் காதில் ஏறவில்லை. முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்போ லீக் இல்ல," என்றார்.

வீட்டுக்கு அனுப்பினோம். மறுநாள் அங்கிருந்து மூன்று தடவை போன் போட்டு ஜன்னலை விசாரித்தார். எண்ணிக்கை சுத்தமாக இருந்தது. டாக்டர்கள் கருவியை எடுத்துக்கொண்டார்கள். அதே வாரம் அங்கிளுக்கு இதய அறுவை நடந்தது. தேறி வருகிறார்.

இரண்டாவது கருவி இப்போது என் மேஜையில் இருக்கிறது. ஒரு பொய் எண்ணிக்கைகூடக் கிடையாது. ஆனாலும் அவர் ஒரு நாள் கதவைத் திறந்து வந்து அதைக் கெடுத்தால் தேவலை என்றிருக்கிறது எனக்கு.