கொள்ளைச் சீட்டுக்கு ஆள் தேவை

கிருமாம்பாக்கம்

மதிப்பிற்குரிய எழிலரசன் சித்தப்பாவுக்கு, அண்ணன் மகள் கல்பனா வணங்கி எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான், மாடு எல்லோரும் சுகம். செல்லிப்பட்டில் நீங்களும் சித்தியும் சுகமா என்று கேட்க அப்பாவுக்கும் ஆசைதான். இங்கே உங்கள் இரண்டு பேர் வயலுக்கும் நடுவிலிருக்கும் வரப்புத் தகராறு தீராமல் கேட்கக்கூடாது என்றிருப்பதால் நானே கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால் கடிதம்.

எனக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆன்லைனில் நாலு பேர் ஆடும் விளையாட்டு அது. ஆளுக்குக் கொஞ்சம் நிலம், கையில் சில சீட்டுகள். விருந்துச் சீட்டைப் போட்டால் உங்களுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் ஆளுக்கொரு புள்ளி. கொள்ளைச் சீட்டைப் போட்டால் அவர் நிலமே உங்களுடையது, கூடவே போனஸ் இரண்டு புள்ளி. எந்தச் சீட்டும் மற்றதை மிஞ்சாமல், எதுவும் யாரும் தொடாத சொத்தையாகாமல் போனஸைச் சரிபார்த்துச் சொல்வது என் வேலை. வேலை என்றே தோன்றுவதில்லை. மத்தியானத்தில் கண்ணை மூடினால் நம் வயல்களெல்லாம் தேன்கூடு மாதிரி ஆறுமூலைக் கட்டங்களாகி மெல்ல மிதக்கும். அவற்றின் மேல் கடலூர் பஸ் ஒன்று சத்தமே இல்லாமல் போகும்.

ஆட்டம் தெரியாதவர்களை வைத்து ஆடிப் பார் என்றார்கள் கம்பெனியில். அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா மூன்று பேரையும் உட்கார வைத்து, நான் நாலாவது. அங்கதான் சித்தப்பா வினையே. அப்பாவுக்குக் கொள்ளைச் சீட்டு வந்தது. "இன்னாம்மா இது, நடவு நட்டு வச்சிருக்கிற நெலத்தப் போயி புடுங்கச் சொல்ற?" என்று போனையே தள்ளி வைத்துவிட்டார். ரோஸ்லின் அக்கா, "உங்க நெலத்த எடுத்துட்டு நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிகினு உங்க வூட்ல மோர் கேப்பேன்?" என்றார். அம்மா ஆட்டம் முடியும்வரை எல்லோருக்கும் விருந்து போட்டுக்கொண்டே இருந்தாள். நான் இன்னா பண்ணேன், 'கொள்ளைச் சீட்டை யாரும் சீண்டுவதில்லை, போனஸைப் பத்தாக்கலாம்'னு எழுதி அனுப்பிட்டேன். அவங்களும் நம்பி ஏத்திட்டாங்க. வெளியூர்க்காரங்க ஆடினாங்க பாருங்க, டீ ஆறுறதுக்குள்ள நாடே காலி. ஒரு விருந்து கெடையாது. எங்க கம்பெனி அர்ச்சனா மேடம் போன் போட்டு, "ஏம்மா, உங்க ஊர்ல யாரும் யாரு நெலத்தையும் எடுக்கவே மாட்டாங்களா?"ன்னாங்க. எனக்கு டக்குனு உங்க ஞாபகம் வந்துடுச்சி.

தப்பா எடுத்துக்காதீங்க சித்தப்பா. வரப்ப நீங்க நவுத்தினீங்களா, மழை கரைச்சிதா, எனக்குத் தெரியாது. ஆனா அப்பா சொல்றதுல பாதி நெசம்னாலும் நம்ம சொந்தத்துல அந்தச் சீட்ட கூச்சப்படாம போடக்கூடிய ஆளு நீங்க ஒருத்தர்தான். திங்கக்கெழமைக்குள்ள சரியான போனஸ் சொல்லலன்னா என்னை நிரந்தரம் பண்ண மாட்டாங்க. நம்ம வூட்ல காலேஜ் போன மொத ஆளு, போன்ல சீட்டாடத் தெரியாம வேலை போச்சுன்னா வெளிய சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமை தயவுசெய்து வந்து, இரக்கம் பார்க்காமல் அப்பாவின் நிலத்தைப் பிடுங்கிக் கொடுங்கள்.

சித்திக்கு என் வணக்கம். உங்கள் கரும்பு நல்ல எடை நிற்கட்டும். என்னை மனதுக்குள்ளாவது ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
கல்பனா

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம் சித்தப்பா. போனஸ் பத்து என்று தெரிந்ததும் அம்மா இன்னொரு ஆட்டம் கேட்டாள். ரோஸ்லின் அக்காவை ஓட்டாண்டியாக்கி, அப்பாவிடம் ஒரு கட்டம்கூட விடவில்லை. ஐந்தாகக் குறைத்தேன், அப்போதும் விடவில்லை. நாலில்தான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அதையே அனுப்பினேன், வேலை நிரந்தரம் என்று மேடம் சொல்லிவிட்டார்கள். அப்பாதான் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். "எந்தம்பி பக்கத்துல இருந்தா இவ கைய வச்சிருப்பாளா?" என்கிறார். ஞாயிறுவரை காத்திருக்காமல் நாளைக்கே வாருங்கள்.