நகலுக்குப் பூட்டு

கல்யாண வீடியோக்களை டிவிடித் தட்டில் ஏற்றிக் கொடுக்கும் கடை வைத்திருந்ததால், தெருவில் அவருக்குத் தட்டுக்காரர் என்று பெயர். கடையில் அவர் வைத்ததுதான் சட்டம். வீட்டில் மட்டும் அவர் பேச்சைத் தட்டாத ஆள் இல்லை.

ஒருநாள் காலை அவர் சபதம் எடுத்தார்.

"இனிமே இந்த வீட்டுல காப்பியே கிடையாது."

"அப்ப டீ போடட்டுமா?" என்றாள் மனைவி.

அவர் சொன்னது வேறு காப்பி. மகள் நாலு வயதில் பொம்மையைத் தூங்கவைத்துப் பாடிய பாட்டு ஒரே ஒரு தட்டில் இருந்தது. இப்போது அவள் தொலைதூரத்தில், கைக்குழந்தையோடு. பிள்ளை தூங்கவே மாட்டேன் என்கிறது, அந்தப் பாட்டுக்கு ஒரு காப்பி அனுப்புங்கப்பா என்று போனில் கேட்டிருந்தாள். காப்பி போய்விட்டால் அவள் எதற்கு வரப்போகிறாள்? பாட்டு இங்கேயே இருந்தால், அதைக் கேட்கவாவது பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்துதானே ஆகவேண்டும்? நாமே போய்ப் பார்த்துவிட்டு வருவோமே என்று மனைவி கேட்டால் மட்டும், கடையை யார் பார்ப்பது என்பார்.

யாரும் காப்பி எடுக்க முடியாதபடி ஒவ்வொரு பூட்டாகப் போட்டுப் பார்த்தார். பாட்டை வேறொரு தட்டில் எழுதும்போது வேண்டுமென்றே அங்கங்கே பழுது வைப்பது முதல் வழி. டிவிக்குக் கீழே இருந்த, தட்டைப் பாடவைக்கும் பெட்டி, தேங்கிய தண்ணீரைத் தாண்டுவதுபோல அதைத் தாண்டிவிடும். காப்பி எடுக்கும் கணினி அங்கேயே நின்று முனகும். ஆனால் பொம்மை கண்ணை மூடுகிற இடத்தையும் பெட்டி தாண்டிவிட்டது. மனைவியின் முகம் வாடிப்போயிற்று. அடுத்து, கையளவு பாட்டைக் கடலளவு என்று கணினியிடம் பொய் சொல்லிப் பார்த்தார். அது அள்ள முடியாமல் மயங்கியது. கூடவே பெட்டியும் மயங்கியது.

மூன்றாவது பூட்டு அமைந்துவிட்டது. தட்டில் ஒரு ரகசிய எண், பெட்டிக்குள் அதே எண். இரண்டும் சேர்ந்தால்தான் பாட்டு. புதுத் தட்டை எழுதி முடித்ததும் பழையதை இரண்டாக ஒடித்துப் போட்டார்.

அன்று மாலை ஜன்னலோரம் புதுத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குட்டி வானவில் ஒன்று தட்டிலிருந்து எழுந்து, சுவரில் ஏறி, கூரையில் தவழ்ந்தது. பிறகு அந்த மழலைக் குரல். 'தூங்கு' வராமல் 'தூந்து, தூந்து' என்றது. வாசலில் மகள் செருப்பைக் கழற்றுவது போலவும், யாரோ தவழ்ந்து வந்து தன் கால் விரலைப் பிடிப்பது போலவும் அவருக்கு இருந்தது. மனைவி கைகூப்பி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஆண்டவனிடம் என்ன கேட்டாளோ, பாட்டு முடிந்ததும் மெல்லக் கேட்டாள்.

"வேற பெட்டியில பாடாதா?"

"தலைகீழா நின்னாலும் பாடாது."

"காப்பியும் எடுக்க முடியாது?"

"எந்தக் கொம்பனாலயும் முடியாது."

"இந்தப் பெட்டி எங்க இருக்கோ, அங்கதான் பாட்டு?"

"அதேதான். இப்பதான் உனக்குப் புரிஞ்சுது."

"புரிஞ்சுதுங்க," என்றாள், மிகவும் பணிவாக. அந்தப் பணிவைக் கண்டே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

வெளியூரில் ஒரு கல்யாண வேலை வந்தது. சில நாள் கழித்துத் திரும்பினால், டிவிக்குக் கீழே பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம், கழுவிவிட்டதுபோல மின்னியது.

"பாப்பாவுக்கு அனுப்பிட்டேன். காப்பிதானே எடுக்கக் கூடாதுன்னீங்க? நான் எடுக்கல. அசலையே பெட்டியோட அனுப்பிட்டேன். குழந்தை அதைக் கேட்டுக்கிட்டே தூங்கிடுச்சாம்."

அவர் குனிந்து அந்தச் சதுரத்தைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப நான் எப்படிக் கேக்கிறது?"

"பாட்டு இருக்கிற இடத்துக்கு ஆளு வந்துதானே ஆகணும்? நீங்க சொன்னதுதாங்க. ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சு."

பூட்டு என்னவோ அருமையான பூட்டுத்தான். தட்டுக்காரர் நின்றதுதான் கதவுக்கு வெளிப்பக்கம்.